பசும்புல் நடுவே பஞ்சம்

மெல்பர்ன் மாநகரின் மேற்கு விளிம்பிலே, ட்ருகனினா என்னும் புறநகரில் குடியேறியிருக்கும் நம்மவர்களில் பலர், வீடு எழும்பக் காத்துக் கிடக்கும் மனைகளையும், கம்பிவேலிக்கு அப்பால் எவரும் தொடாமல் விட்டுவைத்த பழைய மேய்ச்சல் நிலங்களையும் அன்றாடம் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போய் வருகிறார்கள். இடுப்பளவு புல் மண்டிய அந்த நிலத்தில் பறவை இறங்கி மேய்வதைக் காண்பது அரிது; எதிரே, நகரசபையார் அடிக்கடி வெட்டி மட்டமாக்கும் பூங்காவிலோ, மாக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பறவைகளும் காலா என்னும் இளஞ்சிவப்புக் கிளிகளும் கூட்டமாக உலாவி இரை பொறுக்குகின்றன. மனிதன் கை படாத இடத்தில் ஜீவராசிகள் பெருகும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகவே படுகிறது. இத்தனை புல் இருந்தும் அங்கே ஆகாரம் இல்லையா?

வட அமெரிக்காவிலும் இந்தக் கேள்விக்கு ஒரு வகையான விடை வைத்திருக்கிறார்கள். புதர் மண்டிய நிலத்தைக் கோடையின் இறுதியில் வெட்டித் திருத்தி, ஓட்ஸ், டர்னிப், குளோவர் முதலியவற்றை விதைத்து, காடு வறண்டு போகும் பிற்பருவத்தில் மானும் காடையும் வந்து மேயட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மான் வந்தால் துப்பாக்கிக்கும் வேலை உண்டு என்ற உள்நோக்கம் இதில் பலருக்கு இருப்பதை மறைப்பதற்கில்லை. எனினும், தானாக அடர்ந்த நிலம் உயிர்களுக்கு உணவளிக்கத் தவறுகிறது என்ற அனுபவ உண்மை அந்த வழக்கத்தினுள் அடங்கியிருக்கிறது. அவ்வாறு ஆயத்தம் செய்த நிலத்துண்டை உணவுப்பாத்தி என்று அழைப்போம். ட்ருகனினாவில் அத்தகைய பாத்திக்கு விதை தூவுவது பெரும்பாலும் அவசியமே இல்லை. அங்கே செய்ய வேண்டியதெல்லாம் இருப்பதை அகற்றுவதுதான்; எதை, எப்போது, எவ்வளவு அகற்றுவது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

கரிசலைப் போன்ற ஒரு பூமி

மெல்பர்னின் மேற்கே தொடங்கி 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கும் எரிமலைச் சமவெளியின் கிழக்கு ஓரத்தில் ட்ருகனினா அமைந்திருக்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையின் மேல், அதே பாறை சிதைந்து உண்டான களிமண். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை அறிந்தவர்க்கு இதன் சுபாவத்தை விளக்க வேண்டியதில்லை: மழையில் உப்பும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும், வீட்டு அஸ்திவாரத்தை அசைத்துப் பார்க்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். சென்னையின் மழையில் பாதிகூட இல்லை. கனத்த களியும் குறைந்த மழையும் சேர்ந்தமையால் இங்கே மரங்கள் செழிக்கவில்லை. புல்லே ஆட்சி செய்தது.

அந்தப் புல்லின் அரசன் கங்காரு புல். ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டு மலைப் புல்வெளிகளிலும் வளர்கிற அதே இனந்தான். சோளத்துக்கும் கரும்புக்கும் உறவு. அந்த உறவுக்கேற்ப, ஐரோப்பாவிலிருந்து வந்த புற்கள் வெயிலில் வெளுத்துச் சாகும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இது தழைத்துக் கதிர் விடுகிறது. குத்துக் குத்தாக வளர்வது இதன் இயல்பு. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே மண் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெற்றுமண்ணுக்கு இடைநிலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இச்சமவெளியின் பூச்செடிகளில் பெரும்பாலானவை வாழ்வது அந்த இடைநிலத்தில்தான். புல்வெளி என்று சொன்னாலும், அதன் இன வளத்தைத் தாங்குவது புல் இல்லாத இடம்.

சருகு செய்யும் காரியம்

வெப்பமும் ஈரமும் ஒருசேர நிலவும் நம் ஊரில் உதிர்ந்த இலை சில மாதங்களில் மக்கிவிடும். மெல்பர்னின் மேற்கிலோ வெப்பம் இருக்கும்போது ஈரம் இல்லை. ஈரம் இருக்கும்போது வெப்பம் இல்லை. ஆகவே கங்காரு புல்லின் சென்ற ஆண்டுத் தாள் மக்காமல் நின்ற நிலையிலேயே காய்ந்து, அதன்மேல் இவ்வாண்டுத் தாள் சாய்ந்து, மூன்று நான்கு ஆண்டுகளில் இடைநிலம் முழுவதும் சருகுப் பாயால் மூடப்பட்டுவிடுகிறது. பூச்செடியின் நாற்றுக்கு வெளிச்சம் இல்லை. தரையில் பூச்சி தேடும் பறவைக்கு நடக்க வழியில்லை. விதை உதிர்ந்தாலும் சருகின் மேலேயே தங்கி, மண்ணைத் தொடாமல் வீணாகிறது.

இதிலும் வியப்பான செய்தி, அந்தச் சருகு அதை உண்டாக்கிய புல்லையே இறுதியில் கொன்றுவிடுகிறது என்பதாகும். புல்லின் புதுத் தூர்கள் குத்தின் அடியிலிருந்து முளைப்பவை. அடியில் வெளிச்சம் படாவிட்டால் தூர்கட்டுவது குறைந்துகொண்டே போகும். ட்ருகனினாவுக்கு அண்மையிலுள்ள டெரிமட் புல்வெளியில் ஜான் மார்கன், இயன் லண்ட் என்னும் தாவர ஆய்வாளர்கள், தீப்பட்டு வெவ்வேறு ஆண்டுகள் கழிந்த பகுதிகளை ஒப்பிட்டு, 1999-இல் வெளியிட்ட முடிவு இது: 11 ஆண்டுகள் தீப்படாத பகுதியில் குத்துகள் நலிந்து பெருமளவில் மடிந்து போயின, ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் எரிப்பது அப்புல்லின் ஆரோக்கியத்துக்கு அவசியம். செத்த குத்தின் இடத்தைப் பிடிப்பது பூச்செடியன்று, காத்திருக்கும் களை.

கல்லறைகளுக்கிடையே ஒரு சதுர மீட்டர்

ட்ருகனினாவில் உட்ஸ் சாலையோரம் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இச்சமவெளியில் குடியேறிய ஐரோப்பியர் தம் இறந்தோரை அடக்கம் செய்ய வேலி கட்டி ஒதுக்கிய சிறு துண்டு நிலம். சமாதிகள் இருந்ததால் எவரும் அதில் ஏர் பூட்டவில்லை; சுற்றியிருந்த பண்ணைகளில் விழுந்த ரசாயன உரமும் அதன் மீது விழவில்லை. கோடைத் தீ சமாதிகளின் மரவேலிகளைச் சாப்பிட்டுவிடக் கூடாதே என்று, புல்லை அவ்வப்போது முன்கூட்டியே கொளுத்திவிடும் வழக்கமும் இருந்தது. தாவர சாஸ்திரம் எதையும் எண்ணிச் செய்த காரியமன்று அது. ஆயினும் சமவெளியின் மிக அரிய பூச்செடிகளில் ஒன்றான பட்டன் ரிங்கிள்வோர்ட் தப்பிப் பிழைத்த விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுள் இத்தோட்டம் ஒன்றாயிற்று. முழங்கால் உயரம்கூட வளராத செடி; தண்டின் நுனியில் மஞ்சள் பொத்தான் தைத்தது போலப் பூ. விக்டோரியாவிலும் கான்பெராவின் சுற்றுப்புறத்திலும் அன்றி உலகில் வேறெங்கும் இது இல்லை.

இப்படிப்பட்ட ஒரு நிலத்தில் ஒரு சதுர மீட்டரை மட்டும் மனத்தில் வரைந்துகொண்டு, ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்போம்.

இலையுதிர் காலமான ஏப்ரலில், காற்றடங்கிய ஒரு பிற்பகலில் தீ அதன்மேல் சென்றது. புல்தீ வேகமானது, ஓரிடத்தில் நின்று எரியாமல் ஓடிவிடும். ஆகவே மேலேயுள்ள தாள் சாம்பலாகும் அந்தச் சொற்ப நேரத்தில், மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் சூடு ஏறுவதேயில்லை. கங்காரு புல்லின் மொட்டுகள் குத்தின் அடியில் பத்திரமாக இருக்கின்றன. பட்டன் ரிங்கிள்வோர்ட்டின் தடித்த ஆணிவேரும் அவ்வாறே. மறுநாள் பார்ப்பவர் கண்ணுக்கு நிலம் நிர்மூலமாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அழிந்தது சருகு மட்டுமே.

மழைக்குப் பின் ஆணிவேரிலிருந்து துளிர் கிளம்புகிறது. அடுத்த கோடையில் பூக்கிறது; விதை உதிர்கிறது. அந்த விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும் ஜாதியன்று; அடுத்த மழைக்காலத்தில் முளைத்தாக வேண்டும், இல்லையேல் பாழ். எனவே அந்த ஓர் ஆண்டில் இடைநிலம் திறந்திருக்கிறதா என்பதே அச்செடியின் சந்ததிக்கு ஜீவாதாரமான கேள்வி. இதே மார்கன் 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வெவ்வேறு அகலமுள்ள இடைநிலங்களில் இச்செடியின் நாற்றுகளை வைத்துக் கவனித்தார். அடர்ந்த புல்லுக்குள்ளும் குறுகிய சந்துகளிலும் நாற்று சோர்ந்தது. அகன்ற இடைநிலத்தில்தான் நன்றாகப் பிழைத்து வளர்ந்து பூத்தது. மூன்றாம் ஆண்டில் நம் சதுர மீட்டரில் குத்துகள் பருத்து இடைநிலம் சுருங்குகிறது. ஐந்தாம் ஆண்டில் ஏற்கெனவே ஊன்றிய செடிகள் இருக்கும், புதிய நாற்று இராது. மறுபடி தீ வராவிட்டால், கிழச் செடிகள் ஒவ்வொன்றாய் மறைந்தபின் அங்கே அந்த இனம் இருந்ததற்கான தடயமே இராது.

இச்செடிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தன் மகரந்தம் தனக்குப் பயன்படாது. இனமொத்தும் கால்வழி வேறுபட்டும் உள்ள இன்னொரு செடியிலிருந்து பூச்சி கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நாலைந்து செடிகள் மட்டுமே எஞ்சிய இடத்தில், அவையெல்லாம் நெருங்கிய உறவாகிவிட்டால், பூ பூக்கும், விதை பிடிக்காது. ஆகவே ஒரு செடியைக் காப்பாற்றுவது காப்பாற்றுவதாகாது. கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும்.

பிற்பருவத்தில் யார் சாப்பிடுகிறார்கள்

ஆஸ்திரேலியாவின் பருவங்கள் நமக்குத் தலைகீழ். சமவெளியின் வசந்தப் பூக்கள் அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். அதன்பின் கோடை முற்றும் காலத்தில், வந்தேறிப் புற்கள் மட்டும் மண்டிய நிலத்தில் வைக்கோலைத் தவிர வேறொன்றும் இல்லை; தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். பராமரித்த புல்வெளியில் பட்டன் ரிங்கிள்வோர்ட், நீல முள்பூவான புளூ டெவில், இளஞ்சிவப்புக் கொடிப்பூ முதலியவை அந்த வறட்சியிலும் பூத்துப் பூச்சிகளுக்குத் தேன் தருகின்றன. கங்காரு புல்லின் விதை உதிர்ந்து காடைகளுக்கு இரையாகிறது. குளிர் தொடங்கியதும் ஃபிளேம் ராபின் என்னும் நெருப்புநிற மார்புடைய சிறு பறவை மலைகளிலிருந்து சமவெளிக்கு இறங்குகிறது. தாழ்ந்த புல்லிடையே தரையில் குதித்துப் பூச்சி பிடிப்பது அதன் தொழில். அடர்புல்லில் அதற்கு வேலையே இல்லை.

சில உயிர்களுக்கு இடைநிலம் உணவைவிட முக்கியமானது. பொன்னிறப் பின்னிறகுடைய கோல்டன் சன் மாத் என்னும் அந்துப்பூச்சி, புல்வேரைத் தின்று மண்ணுக்குள் நெடுங்காலம் புழுவாய் வாழ்ந்துவிட்டு, வெளியே வந்தபின் ஒன்றும் உண்பதில்லை. உண்பதற்கு வாயே இல்லை. இரண்டு மூன்று நாள்தான் ஆயுள். சரியாகப் பறக்க மாட்டாத பெண்பூச்சி வெற்றுமண்ணில் அமர்ந்து பின்னிறகை விரித்துக் காட்ட, வெயில் உச்சியில் தாழப் பறக்கும் ஆண்பூச்சி அதைக் கண்டுகொள்ள வேண்டும். சருகு மூடிய நிலத்தில் இந்தச் சுயம்வரம் நடக்காது. இன்னும் வடக்கே ரிவரினாச் சமவெளியில், பிளெயின்ஸ் வாண்டரர் என்னும் காடையளவுப் பறவை விரும்பும் நிலத்தை அளந்து பார்த்தவர்கள், தரையில் பாதி வெறுமையாகவும், செடிகள் பெரும்பாலும் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கியும் இருக்கக் கண்டார்கள். அதைவிட அடர்ந்தால் அது இடம்பெயர்ந்துவிடும்.

ஆனால் எல்லா உயிருக்கும் வெட்டவெளி போதாது. கோடுபட்ட காலில்லாப் பல்லி குத்துகளுக்கடியிலும் மண்வெடிப்பிலும் ஒளிந்து வாழ்வது. மொத்த நிலத்தையும் ஒரே நாளில் கொளுத்தினால் அதற்குப் புகலிடம் ஏது? ஆகவே ஒரு பகுதியை இவ்வாண்டும் இன்னொன்றை மறு ஆண்டும் என்று மாற்றி மாற்றி எரிப்பதே தகும்.

வளமே வினையாகும் விந்தை

இதுவரை சொன்னது கங்காரு புல் இன்னும் உயிரோடு இருக்கும் நிலத்துக்கு. சிலி ஊசிப்புல், ரம்பக் குத்துப்புல், பாலாரிஸ், ஆர்ட்டிசோக் முட்செடி ஆகியவை முற்றுகையிட்டுவிட்ட பழைய பண்ணை நிலத்தில் வெறும் தீ பயன் தராது. எரித்த இடத்தில் களையே முதலில் எழும். அதற்குக் காரணம் மண்ணிலேயே இருக்கிறது. பல்லாண்டு சூப்பர் பாஸ்பேட் தூவியும் ஆட்டெரு விழுந்தும் மண்ணில் சத்து மிகுந்துவிட்டது. சமவெளியின் பூச்செடிகளோ சத்துக் குறைந்த மண்ணில் மெதுவாக வாழப் பழகியவை. வந்தேறிக் களைகள் சத்தைக் கண்டதும் பாய்ந்து உண்டு உயர்ந்து, மற்றவற்றை நிழலால் அமுக்கிவிடுகின்றன.

மேல்மண்ணைப் பொன்னாகப் போற்றும் உழவர் வழியில் வந்த நமக்கு, இதற்குக் கண்ட பரிகாரம் முதலில் அபசாரமாகவே தோன்றும். 2004-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பால் கிப்சன்-ராய் என்பவரும் கிரீனிங் ஆஸ்திரேலியா என்னும் அமைப்பினரும், பண்ணை நிலத்தின் மேல்மண்ணை ஏறத்தாழ அரைச் சாண் வரை இயந்திரத்தால் வழித்து அப்புறப்படுத்திவிட்டு, அடியிலுள்ள மெலிந்த மண்ணில் சுதேசிப் புற்களும் பூச்செடிகளுமாகப் பல இனங்களின் விதையைக் கலந்து விதைத்தார்கள். அகற்றிய மண்ணோடு உரமும் போயிற்று. அதில் உறங்கிய களைவிதைகளும் போயின. முன்பு களையன்றி வேறு காணாத இடங்களில் புல்வெளி எழுந்தது.

மண்ணை வழிக்க இயலாத இடத்துக்கு இன்னொரு உபாயம் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் சூசன் புரோபர் என்னும் அறிவியலாளர் சர்க்கரையை மண்ணில் தூவிப் பரிசோதித்தார். சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தம் உடல் வளர்ச்சிக்கு மண்ணிலுள்ள நைட்ரஜன் சத்தை இழுத்துக்கொள்ள, களைக்கு உணவு தற்காலிகமாகக் கிட்டாமல் போகிறது. அந்த இடைவேளையில் கங்காரு புல் ஊன்றிக்கொண்டால், பிறகு அதுவே மண்ணின் சத்தைக் குறைவாக வைத்திருந்து களையைத் தடுக்கிறது. ஏக்கர் கணக்கில் சர்க்கரை தூவ எவராலும் முடியாது என்பது வேறு விஷயம். நோயின் மூலம் இன்னது என்று அப்பரிசோதனை காட்டிவிட்டது.

தோண்டிய கைகள்

கல்லறைத் தோட்டத்தில் தற்செயலாய் நடந்தது, அதற்கு வெகுகாலம் முன்பே வேண்டுமென்று செய்யப்பட்டது. இம்மண்ணின் பூர்வகுடிகளான குலின் மக்கள் இச்சமவெளியைப் பருவம் பார்த்துக் கொளுத்தினார்கள். அவர்களுடைய பெண்கள் நீண்ட கோல்களால் முர்னாங் என்னும் மஞ்சள்பூச் செடியின் கிழங்கைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மண் இளகிற்று. சிறு கிழங்குகள் மண்ணிலேயே தங்கி மறுபடி வளர்ந்தன. மோனாஷ் பல்கலைக்கழகத்து பெத் காட் அம்மையார் இக்கிழங்கைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து, அது இம்மக்களின் பிரதான ஆகாரங்களுள் ஒன்றென நிலைநாட்டினார். 1835-க்குப் பின் ஆட்டு மந்தைகள் வந்திறங்கின. ஆடு கிழங்கையும் கிளறித் தின்றது. குளம்பு மண்ணை இறுக்கிற்று. சில ஆண்டுகளிலேயே, மெல்பர்ன் சுற்றுப்புறத்தில் முர்னாங் கிடைப்பதில்லை என்று அம்மக்கள் முறையிட்டதற்குச் சான்று இருக்கிறது. கோலின் உழவும் தீயும் நின்றபின் எஞ்சிய நிலத்தைத்தான் நாம் ‘இயற்கையாக விட்ட நிலம்’ என்று பேசுகிறோம்.

முதுமலைக்கு இது பொருந்துமா

தீயே எங்கும் மருந்தென்று யாரும் கொள்ளலாகாது. தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டில் மரத்தடிப் புல்லை அமுக்கி மண்டியிருப்பது உண்ணிச்செடி என்னும் வந்தேறிப் புதர். ஜனவரி முதல் கோடைமழை வரையுள்ள வறண்ட பிற்பருவத்தில் யானையும் புள்ளிமானும் தேடும் புல், அதன் அடியில் மூச்சு முட்டிக் கிடக்கிறது. ஆனால் உண்ணிச்செடியைக் கொளுத்தினால் அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் வீறுடன் தழைக்கும். டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்த முறையில், தளிர்விடும் அடிப்பகுதிக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். பின் சுதேசிப் புல்லை அங்கே நிலைநாட்ட வேண்டும். வெட்டிய தண்டைக் கொண்டு கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் நிஜ யானையின் உயரத்துக்கே யானை உருவங்கள் செய்து, அவை லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. களைக்கு இவ்வளவு கௌரவம் வேறெங்கும் கிடைத்திராது.

நிலம் வைத்திருப்போர்க்கு

1969 ஜனவரி 8 அன்று விக்டோரியாவில் பரவிய காட்டுத்தீயில் பழைய ட்ருகனினாக் குடியிருப்பு பெரும்பாலும் எரிந்து போயிற்று. ஆகவே அங்கே தீ என்றால் அச்சம் இருப்பது நியாயமே. தீயபாயக் காலத்தில் அனுமதியின்றித் தீ மூட்டுவது சட்டப்படி குற்றமும்கூட. எரிக்கும் காரியத்தைத் தீயணைப்புப் படையினரிடமும் நிலப் பராமரிப்புத் தேர்ச்சி உள்ளவர்களிடமும் விட்டுவிட வேண்டும். தீ இயலாத இடத்தில் புல்லை வெட்டலாம். ஆனால் வெட்டிய தாளை அங்கேயே பரப்பிவிட்டால், நின்ற சருகைப் படுத்த சருகாக்கியதன்றி வேறு பயனில்லை. அதை வாரி வெளியேற்றியாக வேண்டும். சுதேசிப் புல் இருக்கிறதா என்று அறிந்தவரைக் கொண்டு பார்க்காமல் டிராக்டரை இறக்குவதும், உரம் தூவுவதும் ஒருபோதும் செய்யத் தகாதவை. கருங்கற்களைப் பொறுக்கி எறிவதும் அவ்வாறே, அவற்றின் அடியில் பல்லி குடியிருக்கிறது.

இச்சமவெளிப் புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. 2008-இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு இதை அழிவின் விளிம்பிலுள்ள சூழலாக அறிவித்தது. நகரம் மேற்கே விரிவதற்கு ஈடாக 15,000 ஹெக்டேர் நிலத்தை 2020-க்குள் வாங்கிப் புல்வெளிக் காப்பகமாக்குவதாக விக்டோரிய அரசு வாக்களித்தது. 2020-இல் தலைமைத் தணிக்கையாளர் கணக்குப் பார்த்தபோது பத்தில் ஒரு பங்குதான் வாங்கப்பட்டிருந்தது. மீதி நிலம் தனியார் வசம், பெரும்பாலும் பராமரிப்பின்றிக் காத்திருந்தது. 11 ஆண்டுகளில் டெரிமட்டின் குத்துகளுக்கு நேர்ந்ததை மேலே கண்டோம். ஆகவே அரசு வாங்கட்டும் என்று காத்திராமல், அந்நிலங்களை இப்போது வைத்திருப்போரும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போரும் நகரசபையின் சுற்றுச்சூழல் அலுவலர்களை அணுகி, வரும் இலையுதிர் காலத்திலேயே ஒரு பகுதியையேனும் திறக்கச் செய்ய வேண்டும்.